கழுவும் முன் ஒரு பார்வை



சாப்பிட்டுக்கொண்டே போன் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படிக்கவும். விஷயம் வாந்தியைப் பற்றியது.

ஒரு மாதமாக "அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு சார்?" என்று எத்தனையோ பேர் போனில் கேட்டீர்கள். எல்லாரிடமும் "வயிற்றில் புண், இப்போது பரவாயில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். முழுக்கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. 31 வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் செய்த தப்பு அதில் இருக்கிறது. நேற்று ராத்திரி அவளிடம் "எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுங்க, நாலு பேருக்கு ஆகும். என் போட்டோவை மட்டும் போட்டுடாதீங்க" என்றாள்.

அவளுக்கு நாலைந்து வருடமாக முழங்கால் வலி. மாடிப்படி ஏறமுடியாது, கீழே உட்கார்ந்தால் எழமுடியாது. ஆரம்பத்தில் டாக்டரிடம் போனோம். பிறகு அந்தச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கினோம். பிறகு சீட்டே இல்லாமல், "கால் வலிக்கு ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொண்டோம். சின்ன பேப்பர் கவரில் வெட்டிப் போட்ட மாத்திரைகள் வரும். பேர் தெரியாது, தேதி தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: போட்டால் அரைமணி நேரத்தில் வலி அடங்கும். வாரம் ஒருமுறை போட்டது நாள்தோறும் ஆனதை நானும் கவனிக்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. ராத்திரி ராகிக்களியும் கீரைக் குழம்பும். பதினோரு மணிக்கு மேல் எழுந்து பின்வாசலுக்கு ஓடினாள். சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிவிட்டேன், வாய் கொப்பளிக்கச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி விளக்குமாறால் தள்ளிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் இடம் பளிச்சென்று ஆகிவிட்டது. "களி செரிக்கல போல" என்றேன். "ஆமாங்க" என்றாள். கருப்பாக ஏதோ கண்ணில் பட்டது. ராகிக்களி வேறு எந்த நிறத்தில் வரும்?

புதன்கிழமை முழுக்கச் சோர்வு. ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். காலையில் வழக்கம்போலக் கால்வலி மாத்திரையையும் எடுத்துக் கொடுத்தது நான்தான். வியாழன் விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தாள்.

பக்கத்து வீட்டுத் தம்பி காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் சின்னப் பெண், என் கடைசி பேட்ச் மாணவிகள் வயதுதான் இருக்கும். கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். நாடி பார்த்தார். "வாந்தி எடுத்தாங்களா?" என்றார்.

"முந்தாநாள் ராத்திரி ஒருமுறை, டாக்டர்."

"என்ன கலர்ல இருந்துச்சு?"

"சாப்பிட்டதுதான் வந்தது."

"நீங்க பார்த்தீங்களா சார்?"

என்னிடம் பதில் இல்லை. கட்டிலில் படுத்திருந்த அவள்தான் மெல்லச் சொன்னாள்: "கருப்பா, பில்டர்ல அடியில தங்குற காபி மண்டி மாதிரி இருந்துச்சுங்க."

அந்தப் பெண் நர்ஸைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அடுத்த கேள்வி, "மலம் கருப்பா போச்சாம்மா?" அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். "நாலு நாளா தார் மாதிரி, பிசுபிசுன்னு. நாத்தமும் தாங்க முடியல." எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு வார்டில் "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டதற்கு, "இதையெல்லாம் உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" என்றாள். கல்யாணமாகி 38 வருடம்.

ஹீமோகுளோபின் 6.8 இருந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் குழாய் வழியாகவே ஊசி போட்டு, கிளிப் போட்டு அடைத்தார்கள். ஆறு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரத்தம் அங்கே கசிந்து கொஞ்ச நேரம் தங்கினால், அமிலம் பட்டு ஹீமோகுளோபின் மாறிவிடும். சிவப்பு போய், கரும்பழுப்பாகத் திரிதிரியாக ஆகிவிடும். அதுதான் காபி மண்டி மாதிரி தெரிவது. மேலே வராமல் குடல் வழியாகக் கீழே போனால், செரிமானமாகித் தார் போன்ற கருப்பு மலமாக வரும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கருப்பாகப் போகும். ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் குடலைப் புரட்டும் நாற்றமும் இருக்காது. ரத்தம் என்றால் சிவப்பு என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. கருப்பாக வரும்போது நமக்கு ரத்தம் என்றே தோன்றுவதில்லை. அமிலத்தின் வேலையைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட எனக்கே தோன்றவில்லை.

வலி மாத்திரைக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டீர்கள். நம் உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் உண்டாகிறது. வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அதுதான். இரைப்பையின் உள்தோலை அதன் சொந்த அமிலத்திலிருந்து காப்பாற்றுவதும் அதுதான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அது உண்டாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். அதற்காக 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டைக்ளோபினாக், இபுப்ரோபென் எல்லாம் இதே வழிதான். கால்வலி அடங்கும்போது வயிற்றின் காவலும் இறங்கிவிடுகிறது. எப்போதாவது, டாக்டர் சொன்ன அளவில் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. வயதானவர்கள் மாதக்கணக்கில் போட்டால் இந்த ஆபத்து கூடிவிடுகிறது.

எண்டோஸ்கோப்பியின்போது சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்ததில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. இந்த இடத்தில் நான் இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அல்சர் வருவது காரத்தாலும் கவலையாலும் நேரத்துக்குச் சாப்பிடாததாலும்தான் என்று பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர், அல்சருக்குக் கிருமி காரணம் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. 1984இல் அந்தக் கிருமிக் கரைசலை அவரே குடித்துவிட்டார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்து, இரைப்பை அழற்சி உண்டானது. அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பேட்ச்சுக்கு நான் காரத்தையே குற்றம் சொல்லியிருப்பேன். அந்த பேட்ச் பிள்ளைகள் மன்னிக்கவும்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது நம் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. பிரேயரில் யாராவது வாந்தி எடுத்தால் என்ன செய்வோம்? ஆயா ஓடிவந்து மண் அள்ளிப் போடுவார். யாரும் பார்த்துவிடக்கூடாது, மிதித்துவிடக்கூடாது. அந்தப் பிள்ளை என்ன எடுத்தது என்று ஒரு ஆசிரியராவது குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பெரும்பாலும் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. காலையில் வெறும் வயிற்றோடு வந்து வெயிலில் நின்ற பிள்ளைகள், நுரைநுரையாகக் கொஞ்சம் வெள்ளைத் தண்ணீர் எடுப்பார்கள். இரண்டு பிஸ்கட் கொடுத்தால் சரியாகிவிடும்.

கொல்லிமலைச் சுற்றுலா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 70 கொண்டை ஊசி வளைவு. இருபதாவது வளைவிலேயே பின்சீட்டில் கச்சேரி ஆரம்பித்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே எடுத்தார்கள். அதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பஸ்ஸுக்குள் பார்க்கிற கண், நாம் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறது. உள்காது, சுற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் மூளை குழம்பி வாந்தியை வரவழைக்கிறது. அதனால்தான் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் குறைகிறது. வாந்திக்கு உத்தரவு போடுவது முகுளம். உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும்தான் அழுத்தித் தள்ளுகின்றன. இரைப்பை பாவம், பிழிபடுகிற துணி மாதிரி. வாந்திக்கு முன் வாயில் எச்சில் ஊறுகிறதே, அந்த எச்சில் அமிலத்திலிருந்து பல்லைக் கொஞ்சம் காக்கிறது. எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு பாருங்கள்.

செரிமான மண்டலப் படத்தில் பித்தப்பைக்கு நான் பச்சை சாக்பீஸ் எடுப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பச்சையோ மஞ்சளோ கசப்பாக வாந்தி வந்தால் "பித்தம் ஏறிடுச்சு" என்போம். பித்தநீர் எல்லாருக்கும் தினமும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஈரலில் சுரப்பதுதான். நாலைந்து முறை வாந்தி எடுத்து இரைப்பை காலியானால், முன்சிறுகுடலில் இருப்பது திரும்பி மேலே வருகிறது. பெரியவர்களுக்கு அந்த நிறம் மட்டும் இருந்தால் பயம் வேண்டாம். பச்சை வாந்தியோடு வயிறு உப்பி, விட்டுவிட்டு வலித்து, காற்றுகூடப் பிரியாமல் இருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அடைப்பு முற்றினால் வாந்தியிலேயே மலநாற்றம் வரும். அதுவரை காத்திருக்கவே கூடாது.

பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் கதை வேறு. பாட்டிமார்களே, கவனியுங்கள். அது குடல் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ரத்த ஓட்டம் நின்று குடல் அழுக ஆரம்பிப்பது சில மணிநேர விஷயம். விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது அது.

என் மாணவி ஒருத்தி, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவள் குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது பால் குடித்த கொஞ்ச நேரத்தில் பீய்ச்சி அடித்ததுபோல வாந்தி. தூரத்தில் போய் விழுமாம். எடுத்த கையோடு மறுபடி பசித்து அழும். வாந்தி வெறும் பால்தான், பச்சை இல்லை. வீட்டில் முதலில் உரம் விழுந்துவிட்டது என்றார்கள். பிறகு தொக்கம் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் குழந்தை வற்றிப்போய்விட்டது. கடைசியில் ஸ்கேனில் தெரிந்தது: இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்து வழியை அடைத்திருந்தது. அந்தத் தசையைக் கீறிவிடுவதுதான் வைத்தியம். நூறு வருடத்துக்கு மேலாகச் செய்கிற அறுவை சிகிச்சை. அந்தப் பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு, கொழுகொழுவென்று இருக்கிறான். குழந்தை பால் கக்குவது சகஜம், தோளில் போட்டுத் தட்டினால் போதும். பீய்ச்சி அடிப்பதும், எடை ஏறாமல் இறங்குவதும் சகஜம் இல்லை.

வேறு சிலவற்றையும் அந்த டூட்டி டாக்டர் பொறுமையாக எனக்குச் சொன்னார். நேற்று சாப்பிட்ட சோறு இன்று அப்படியே வந்தால், இரைப்பை காலியாகவில்லை என்று அர்த்தம். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு இது வரும். வாசலில் அடைப்பு இருந்தாலும் வரும். சிவப்பாக ரத்தமாகவே வந்தால் யோசிக்கவே வேண்டாம். குடிக்கிறவர்களுக்கு ஈரல் கெட்டு உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்து வெடித்தால், குடம்குடமாக வரும். விடாமல் வாந்தி எடுத்து எடுத்து உணவுக்குழாயின் அடி கிழிந்தும் ரத்தம் வரலாம். மாணவர்களில் சிலர் குடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பேர் சொல்லமாட்டேன்.

வாந்தியைப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாத நேரமும் உண்டு. வருடங்களுக்கு முன் நம் பி.டி. சாருக்கு ஸ்டாப் ரூமில் வாந்தி. சட்டை நனைகிற அளவு வியர்வை, தாடை வலிக்கிறது என்றார். "கேஸ்தான் சார்" என்று கோலி சோடா வாங்கிவரச் சொன்னது நான். கணக்கு சார்தான் பிடிவாதமாக பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், இன்றும் என்னைப் பார்த்தால் "சோடா சார்" என்றுதான் கூப்பிடுவார். தலையில் அடிபட்டு அப்புறம் வாந்தி, காலையில் எழும்போதே தலைவலியோடு வாந்தி, சர்க்கரைக்காரருக்கு வாந்தியோடு மூச்சில் பழவாசனை, ஒரு கண் சிவந்து கடுமையாக வலித்து வாந்தி. இவற்றுக்கெல்லாம் வேர் வயிற்றில் இல்லை. அப்போது வாந்தியின் நிறத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். மண்ணெண்ணெயோ பாத்ரூம் கழுவும் ஆசிட்டோ குடித்துவிட்ட பிள்ளைக்கு உப்புத்தண்ணீரோ சாணிக்கரைசலோ ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் திரும்ப வரும்போது உணவுக்குழாயை இரண்டாம் முறை பொசுக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இவற்றை ஊற்றி வைக்கும் பழக்கம் என் தங்கை வீட்டில் இன்னும் இருக்கிறது. தங்கச்சி, படிக்கிறாய்தானே?

சாதாரண வாந்திக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். "வயிறு காயட்டும், ஒண்ணும் குடுக்காதே" என்பது நம் வீட்டுச் சட்டம். காய்வது வயிறு இல்லை, உடம்பு. பத்து நிமிடம் விட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம். டம்ளர் நிறையக் கொடுத்தால் அப்படியே திரும்பிவரும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு ட்ரிப்ஸ் பாட்டில் போதாமல் போனது. திலீப் மகலனோபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். நம் மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கதை இருக்கிறது. சிறுநீர் ஏழெட்டு மணிநேரம் போகவில்லை, நாக்கு வறண்டு கண் உள்ளே போய்விட்டது, கொடுத்ததெல்லாம் வந்துவிடுகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்திருந்தான். மத்தியானம் ஊஞ்சலில் ஆடிவிட்டு வந்து திண்ணையில் எடுத்துவிட்டான். பழக்க தோஷம், நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளேயிருந்து அவள் ஒரு அதட்டல் போட்டாள்: "ஏங்க, இருங்க! பார்த்துட்டு ஊத்துங்க!" வாளியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ரத்தச் சிவப்பு. கை நடுங்கிவிட்டது. மருமகளைக் கூப்பிட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, மத்தியானம் பீட்ரூட் பொரியல்" என்றாள். போனில் படம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கழுவினோம். அரைமணி நேரத்தில் பையன் மறுபடி ஊஞ்சலில் இருந்தான்.

அவளுக்குக் கிருமிக்கான 14 நாள் மாத்திரை முடிந்துவிட்டது. கால்வலிக்கு இப்போது டாக்டர் சொன்ன பாரசிட்டமாலும், சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியும்தான். வலி முழுதாகப் போகவில்லை, முனகிக்கொண்டேதான் செய்கிறாள். மெடிக்கலில் வாங்கிய பேப்பர் கவரில் இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது. தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்று வலி மாத்திரை, இன்னொன்று ஸ்டீராய்டு என்றார்.

புண் ஆறிவிட்டதா என்று 18ஆம் தேதி இன்னொரு முறை எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். இரைப்பைப் புண் என்றால் ஆறியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். அன்று யாரும் போன் செய்யாதீர்கள், போய்வந்து நானே எழுதுகிறேன்.